மாணவர் மன்றமும் சிறுவர் உரிமையும்

“அடியாத மாடு பணியாது” என்பது பழமொழி. “அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவார்” என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பள்ளிக்கூட வாயிலில் எழுதி வைக்காத குறையாகப் பல தலைமுறைகளாகக் கல்வி புகட்டப்பட்டு வந்தது. ஆசிரியர் சொல்பவர், மாணவன் கேட்பவன். அதற்கு மேலாக ஒரு வினா எழுவதற்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆதலின், சிறுவர்க்கும் உரிமைகள் உண்டு, பாடசாலை நடைபெறும் முறையிலே அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று கூறுவாரைப் பெரியோர் சிலர் இன்னும் ஐயத்துடன் நோக்குவது வியப்பன்று. அந்த ஐயம் தகுதியானதுதானா என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

கொழும்பு மாநகரிலே இதனைச் சிந்திப்பதற்கு மருதானை மிகவும் பொருத்தமான இடம். புகையிரத நிலையத்தின் இரைச்சலுக்கும் கடைவீதியின் நெரிசலுக்கும் அணித்தாகவே பெயர்பெற்ற கல்லூரிகள் நிமிர்ந்து நிற்கின்றன. அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று உழைக்க, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892 இல் எழுந்தது ஸாஹிறாக் கல்லூரி. 1886 இல் புறக்கோட்டையிலே தொடங்கிப் பின்னர் மருதானைக்கு வந்தது ஆனந்தக் கல்லூரி. அயலிலே 1896 இல் தொடங்கியது புனித சூசையப்பர் கல்லூரி. முஸ்லிம்களும் பௌத்தரும் கத்தோலிக்கரும் தத்தம் பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து வாழச் செய்ய விரும்பியபோது, அவர்கள் யாவரும் நாடியது கல்விக்கூடத்தையே.

ஸாஹிறாவின் வரலாற்றிலே இரு பெயர்கள் ஒளி வீசுகின்றன. 1921 முதல் 1948 வரை அதிபராயிருந்த டி. பி. ஜாயா, சட்ட நிரூபண சபையிலும் அரசாங்க சபையிலும் அமர்ந்து, 1947 இல் நாட்டின் முதலாவது மந்திரிசபையிலும் இடம்பெற்றவர். அவருக்குப்பின் 1961 வரை அப்பதவியை வகித்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம்; அவ்வுயர் பதவியைத் துறந்து ஆசிரியப் பணிக்கு வந்தவர். நாட்டின் ஆட்சிமன்றத்திலே பேசிய ஒருவர் கல்லூரி அதிபராகவும் விளங்கினார் என்பது சிந்தித்தற்குரியது. ஆட்சிமன்றத்துக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நெருக்கமானது.

இத்தகைய கல்லூரிகள் யாவற்றிலும் மாணவத் தலைவர் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இங்கிலாந்திலே 1828 இல் றக்பிப் பள்ளியின் தலைமை ஆசிரியராய் அமர்ந்த தோமஸ் ஆனல்ட், மேல்வகுப்பு மாணவரிடம் பொறுப்பை ஒப்படைத்துப் பள்ளியை ஒழுங்குபடுத்தினார். அம்முறை ஆங்கிலேயரோடு கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. அது நல்ல பயிற்சியே. எனினும் ஒன்றை மறத்தலாகாது. மாணவத் தலைவன் அதிபரால் நியமிக்கப்படுகிறான். அதிபரின் கட்டளையை மாணவரிடம் கொண்டு செல்கிறான். மாணவர் மன்றத்தின் உறுப்பினனோ மாணவரால் தெரிவு செய்யப்படுகிறான். மாணவரின் குறையை அதிபரிடம் கொண்டு செல்கிறான். முன்னையது மேலிருந்து கீழே இறங்கும் படி. பின்னையது கீழிருந்து மேலே ஏறும் படி. வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

பிள்ளையின் சொல்லுக்குச் செவி சாய்த்தல் பெரியோரின் கருணையா, அன்றிக் கடமையா? இவ்வினாவுக்கு உலகம் விடை கூறிவிட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 இல் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை அதனை 1991 இல் ஏற்று உறுதி செய்து, 1992 இல் சிறுவர் பட்டயத்தையும் வகுத்தது. தன்னைப் பாதிக்கும் விடயங்களிலே கருத்துக் கூறவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமையுண்டு என்று சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை கூறுகிறது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித மாண்புக்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும் என்று 28 ஆம் உறுப்புரை விதிக்கிறது. மேலும், இலங்கையிலே கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை நீ இங்கேதான் இருத்தல் வேண்டும் என்று பிள்ளையைப் பணிக்கும் நாடு, அங்கே அவன் எவ்வாறு இருக்கிறான் என்பதையும் அவனிடமே கேட்கக் கடமைப்பட்டுள்ளது.

சட்டம் இருந்தும் சொல்ல இடமில்லையேல் நேர்வது யாது? உடல் தண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005 இல் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. எனினும் 2017 இல் தென்னிலங்கைப் பாடசாலையொன்றிலே ஆசிரியர் அறைந்ததனால் ஒரு மாணவனின் செவிப்புலன் பழுதுற்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2021 பெப்ரவரியிலே தீர்ப்பாயிற்று. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு செலுத்துமாறு மன்று பணித்தது. நீதி கிடைத்தது, ஆனால் அது கிடைக்க நான்கு ஆண்டுகள் சென்றன. இழந்த செவிப்புலனுக்குப் பணம் ஈடாகுமா? சுற்றுநிருபம் அலுவலகக் கோப்பிலே இருந்தது. அதனை எடுத்துச் சொல்லும் வாய் வகுப்பறையிலே இல்லை. அந்த வாயை உண்டாக்குவதே மாணவர் மன்றத்தின் முதற் பயன்.

போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1912 இல் வார்சோ நகரிலே திறக்கப்பட்ட அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாய் அமரும் நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் சட்டக்கோவையின் முற்பகுதி முழுவதும் மன்னிப்பைப் பற்றியதே. குற்றஞ்சாட்டப்பட்டால் ஆசிரியரும் அதன் முன் நிற்க வேண்டும். கோர்ச்சாக் தாமே அவ்வாறு நின்றார். இதனால் அவர் மதிப்பிழந்தாரா? இல்லை. 1942 இல் நாசிகள் அப்பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றபோது, அவர்களைப் பிரிய மறுத்து உடன் சென்று உயிர் துறந்தார். சிறுவர் சமவாயத்தின் முதல் வரைவை 1978 இல் உலகின் முன் வைத்ததும் போலந்து நாடே.

பிள்ளைகளுக்குச் சொல் கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்பர் சிலர். தானும் கலந்து வகுத்த விதியை மீறுவதற்கு மனிதன் நாணுவான். பிறர் சுமத்திய விதியை மீறுவதைத் திறமை என்றே எண்ணுவான். சிறுவரும் இதற்கு விலக்கல்லர். செல்வாக்குள்ள பிள்ளைகளே வெல்வர் என்பர் வேறு சிலர். மறைவான வாக்கெடுப்பும், ஒருவரே மீண்டும் மீண்டும் வாராதபடி தவணை வரையறையும் அக்குறையைப் பெரும்பாலும் நீக்கும். பரீட்சைக்குப் படிக்கும் நேரம் வீணாகும் என்பது மூன்றாவது தடை. மாதம் ஒருமுறை ஒரு பாடவேளை கூடினாற் போதும்.

மன்றம் ஆராயவேண்டியவை சிறியவையாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அவை பெரியவை. குடிநீர்க் குழாயில் நீர் வருகிறதா? மலசலகூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? சிற்றுண்டிச்சாலையின் விலை ஏழைப் பிள்ளைக்கு எட்டுமா? நூலகம் இடைவேளையில் திறந்திருக்குமா? ஆறாம் வகுப்புப் பிள்ளையை மேல்வகுப்பார் துன்புறுத்துகின்றனரா? ஆசிரியர் நியமனமும் பரீட்சைப் புள்ளியும் மன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கொடுமை நிகழ்ந்ததென்றால் அதனை மன்றத்திலே விவாதித்தல் ஆகாது. அதற்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டு. 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. அவ்விலக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் அறியச் செய்வது மட்டும் மன்றத்தின் வேலை.

இலங்கைப் பாடசாலைகளிலே மாணவர் பாராளுமன்றம் என்னும் அமைப்பு இன்று பழக்கத்துக்கு வந்துள்ளது. அதற்கு நேரக்கூடிய கேடு ஒன்றே. அது வெறுங் காட்சியாய்ப் போய்விடுதல். சபாநாயகருக்கு அங்கியும், மந்திரிகளுக்குப் பட்டமும், விழாநாளிலே ஒரு புகைப்படமும் கிடைத்துவிட, குழாயில் நீர் மட்டும் வாராதிருந்தால், பிள்ளை கற்கும் பாடம் யாது? வாக்களிப்பது வீண் என்பதே. அப்பாடத்தைக் கற்பிப்பதைவிட மன்றமே இல்லாதிருத்தல் நன்று. ஆதலால் மன்றத்தின் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அதிபர் குறித்த நாளுக்குள் எழுத்திலே விடையளித்தல் வேண்டும். “ஆம்” என்றால் எப்பொழுது என்றும், “இல்லை” என்றால் ஏன் என்றும் அவ்விடையில் இருத்தல் வேண்டும். காரணம் கூறப்பட்ட மறுப்பைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர். மௌனத்தையே அவர்கள் பொறுப்பதில்லை.

இந்நாட்டு மக்கள் 1931 முதல் சர்வசன வாக்குரிமை பெற்றவர்கள். வாக்களிக்கும் வயது 1959 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பாடசாலையை விட்டு வெளியேறும் இளைஞன் நேரே வாக்குச்சாவடிக்குச் செல்கிறான். அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் வாய்மூடி இருக்கப் பழகியவன், அன்றைக்குத் திடீரெனச் சிந்தித்துப் பேசும் குடிமகன் ஆவானென எதிர்பார்த்தல் எங்ஙனம்? மாற்றான் சொல்வதைக் கேட்டல், தன் கருத்தைப் பணிவுடன் நிறுவுதல், தோற்றாலும் பகை கொள்ளாதிருத்தல் என்னும் இவை வயது வந்ததும் தாமே வந்து சேர்வனவல்ல. பள்ளியிலே பழகினால் வரும். பழக்குவது பெரியோர் கடன்.