நகையைக் கழற்றச் சொல்வது ஏன்?

மஸ்ஜித் இந்தியா கடைவீதியில் ஆசையாக வாங்கிய வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அறுவை சிகிச்சைக்கு முன் கழற்றச் சொல்வார்கள். ஏன் தெரியுமா?

எடுத்துக்காட்டாக, சிறு துளைகள் வழியே பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோபியில், பெரும்பாலும் மின்சாரக் கருவிதான் திசுவை வெட்டுகிறது. ரத்தக் கசிவையும் அடைக்கிறது. வீட்டு மின்சாரத்தின் அலைவு நொடிக்கு 50 முறை. இக்கருவியின் மின்சாரத்திலோ 3 லட்சத்துக்கும் மேல். அந்த வேகத்துக்குத் தசை துடிப்பதில்லை; கருவியின் நுனியில் சூடு மட்டும் பிறக்கிறது. 1926இல் பாஸ்டனில் மருத்துவர் குஷிங், போவி என்பவர் உருவாக்கிய இத்தகைய கருவியால் தலைக் கட்டியை அகற்றியபின் இம்முறை புகழ்பெற்றது.

மின்சாரம் உடம்பில் ஒட்டிய தகடு வழியே திரும்பவேண்டும். நடுவே நகை குறுக்கிட்டால் தோல் வெந்துபோகலாம். ஆகவே தயங்காமல் கழற்றிவிடுங்கள். இந்த மின்சாரம் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரையும் பாதிக்கலாம் என்பதால், அது இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.