ஆள வந்த மனிதனும் அரவமும்
(வடக்கனந்தலில் ஆற்றிய உரை)



கோமுகி அணையின் பக்கத்தில் நின்றுகொண்டு விவிலியத்தைப் பேசுகிறானே, நம் புராணங்களில் பாம்புக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை. படுக்கையும் பாம்பு, கழுத்தணியும் பாம்பு! அவற்றைப் பலமுறை பேசியாயிற்று. இன்று இதனைப் பார்ப்போம்.

ஆதியாகமம், ஊர்வன அனைத்தையும் ஆளும் உரிமையை மனிதனுக்கு வழங்குகிறது. யாக்கோபின் நிருபமோ, அவையெல்லாம் அடக்கப்பட்டே விட்டன என்கிறது. யோபுவின் நூலைப் புரட்டுங்கள்: லிவியாதானைத் தூண்டிலால் பிடித்துவிடுவாயோ என்று ஆண்டவரே மனிதனை எள்ளி நகையாடுகிறார். எண்ணாகமத்தில், முறையிட்ட மக்கள்மீது கொள்ளிவாய்ப் பாம்புகளை ஏவியவரும் அவரே, மாண்டோர் பலர். ஆள்பவர் யார், ஆளப்படுபவர் யார்?

மாற்கு 16ஆம் அதிகாரத்தின் இறுதியில், நம்பினோர் பாம்பைக் கையிலெடுப்பர் என்றொரு வாக்கு உண்டு. மிகப் பழைய சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் அந்த வரிகளே இல்லை! ஆயினும் அவற்றை நம்பி, அமெரிக்காவிலே வழிபாட்டில் பாம்பைக் கையிலேந்தும் வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி, 1955இல் பாம்பு தீண்டியே இறந்தார். 2014இல் கென்டக்கியின் போதகர் ஜேமி கூட்ஸ், கடிபட்ட பின்னும் மருத்துவமனைக்குச் செல்லாமல் மாண்டார். நம் கிறித்தவ அன்பர்களை இதற்காகக் குறைகூறேன். வேலூரிலே மருத்துவமனை கட்டியவர்கள் அவர்கள். ஆண்டவரைச் சோதிக்காதே என்று மத்தேயு சொல்வதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் போலும்!

நகைத்தது போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்று ஆய்வாளர் கணித்தனர். ஆண்டுக்கு 58,000 உயிர்! பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் வெறுங்காலோடு உழைப்பவர்கள். அவர்களை ஆள்பவராக்கியது எந்த வாக்கு?

உண்மையான ஆற்றலை வடநெம்மேலியில் காணலாம். அங்கே 1978இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுக்கிறார்கள். அந்நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மாற்று மருந்து செய்கிறார்கள். ஒதுக்கப்பட்ட இருளரின் கைத்திறன், ஒதுக்கியோரின் பிள்ளைகளையும் காக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, காலந்தாழ்ந்த மரியாதை.

2024இல் தமிழக அரசு, பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் கல்வராயன் மலைச் சிற்றூரில் நள்ளிரவில் கடிபட்டவள் கீழே வந்து சேரவேண்டுமே! மந்திரிப்பவர் வீட்டு வாசலிலே கழியும் ஒரு மணி நேரம், அவள் உயிரின் விலை. ஆகவே கிளைத் தோழர்கள் நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மருந்து இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். கடிவாயைக் கீறாதீர், கயிற்றால் இறுக்காதீர், அசையாமல் கிடத்தி 108ஐ அழையுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லுங்கள்.