மூளைக்குத் தீனி எது?



சோறு இல்லாவிட்டால் மூளை கலங்கிவிடும் என்கிறார்கள். பல நாள் பட்டினி கிடந்தும் தெளிவாய்ப் பேசுகின்ற சாமியாரைக் கண்டாலோ, அதே ஆட்கள் “அருள்” என்று விழுந்து கும்பிடுகிறார்கள். இரண்டையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

மூளையின் எடை உடம்பில் 100-க்கு 2 பங்குதான். சக்தியிலோ சுமார் 20 பங்கை அது வாங்கிக்கொள்ளுகிறது. (மிராசுதாரர் தோற்றார்!) சோறு முதலியவற்றால் வரும் சர்க்கரையே அதற்கு வழக்கமான தீனி. ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளைக்குத்தான் காணும். பிறகு ஈரல் என்ன செய்கிறதென்றால், புரதத்திலிருந்து கொஞ்சம் சர்க்கரை உண்டாக்குகிறது. மூளை நேராக எரித்துக்கொள்ள முடியாத கொழுப்பை மாற்றிக் “கீட்டோன்” என்னும் பொருளாக இரத்தத்தில் விடுகிறது.

1967-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து டாக்டர் காஹிலும் அவருடைய கூட்டாளிகளும், 5, 6 வாரம் பட்டினியிருந்த பருத்த சரீரமுள்ள மூவருடைய மூளைக்குப் போகிற இரத்தத்தையும் திரும்புகிற இரத்தத்தையும் சோதித்தார்கள். தீனியில் பெரும்பங்கு கீட்டோனாயிருந்தது! சாமியாருக்கும் ஈரல் உண்டா, இல்லையா என்று கேட்கின்றோம். பட்டினியின்றி அரிசியை மிகக் குறைத்தாலும் இதே வேலை சிறு அளவில் நடக்கும்.

ஆனால் நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். இன்சுலின் அறவே இல்லாத உடம்பில் கீட்டோன் அளவு கடந்து ஏறி, இரத்தம் புளித்து, உயிரே போய்விடலாம். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றைத் திடீரென்று குறைத்தாலோ, சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் டாக்டரைக் கேளாமல் ஊசியை நிறுத்தவும் வேண்டாம், சோற்றைக் குறைக்கவும் வேண்டாம்.