ஆட்டம் அவர்கள் தந்தது, திடல் யாருக்கு?

(ஹந்தானையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! தோட்டத்து இளஞ்சிங்கங்களே! கண்டி நகரிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, மருத்துவர்களே, சட்டத்தரணிகளே! மரக்கறிப் பாத்திகளை விட்டு இம்மாலையில் இங்கே வந்து கூடியிருக்கும் கமக்காரப் பெருமக்களே!

விளையாட்டைப் பற்றியும் கூத்தைப் பற்றியும் ஓர் அரசியல் மேடையில் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். சம்பளமும் வீடும் காணியும் பேச வேண்டிய இடத்தில் பந்தும் பறையும் எதற்கு என்று கேட்கக்கூடும். நாம் சொல்கிறோம்: காணியைப் பற்றிப் பேசுவதற்காகவே பந்தைப் பற்றிப் பேசுகிறோம். ஏகாதிபத்தியம் இந்நாட்டு மக்களை ஆண்டது துப்பாக்கியால் மட்டுமன்று. மனிதன் எப்போது உழைப்பது, எப்போது ஓய்வது, எந்த நிலத்தில் ஆடுவது, எந்த நிலத்தில் கால் வைக்கக்கூடாது என்பதையும் அதுவே வகுத்தது. அந்த வகுப்பு இன்னும் கலைந்தபாடில்லை.

ஹந்தானை மலையைச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பை எண்ணிப் பாருங்கள். நித்தவெலையில் கண்டிக் கழகத்தின் றகர் மைதானம் இருக்கிறது. அஸ்கிரியாவில் மலையை வெட்டிச் சமன்செய்த திரித்துவக் கல்லூரி மைதானம் இருக்கிறது. பேராதனையில் பல்கலைக்கழகத்தின் பரந்த திடல்கள் இருக்கின்றன. இந்தத் திடல்களுக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். அந்த லயங்களில் வளரும் பிள்ளைகள் ஓடியாடச் சமதரை எங்கே? இக்கேள்விக்கு விடை காண நாம் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

மட்டையும் கட்டளைச் சட்டமும்

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1832ஆம் ஆண்டில் கொழும்பில் துடுப்பாட்டக் கழகம் ஒன்று அமைக்க வாருங்கள் என்று வெள்ளையரை அழைக்கும் அறிவிப்புச் செய்தித்தாளில் வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1840இல், முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடும் தரிசும் சேனை நிலமும், உரிமையை நிரூபிக்கும் வரையில் முடியின் சொத்தே என்று அச்சட்டம் எடுத்துக்கொண்டது. பரம்பரையாகச் சேனை செய்துவந்த கண்டிச் சிங்களக் குடியானவன் பத்திரத்துக்கு எங்கே போவான்? அவனுடைய மலைகள் கோப்பித் தோட்டங்கள் ஆயின. கோப்பியை 1869 முதல் இலைநோய் தின்னத் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் அத்தோட்டங்களுக்கு உரமாயினர்.

தோட்டத்தைத் தொடர்ந்து துரைமாரின் கழகங்களும் வந்தன. டிக்கோயா மஸ்கெலியாத் துடுப்பாட்டக் கழகம் 1868இல் தோன்றி டறவெல்லையில் நிலைகொண்டது. நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயமும் 1889இல் கொல்ஃப் கழகமும் எழுந்தன. சரிவே இயல்பான மலைநாட்டிலே சமதரை என்பது பொன்னுக்குச் சமம் என்பதை இங்கிருக்கும் கமக்காரர்கள் அறிவார்கள். அந்தப் பொன் நிலத்தில் ஒரு பகுதி துரைமாரின் மாலைப் பொழுதுக்கென்று ஒதுக்கப்பட்டது. மலையை வெட்டிச் சமன்செய்த மண்வெட்டிகள் யார் கையில் இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் வேறொரு வாயில். கண்டியிலே 1891ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் என்னும் பறங்கிய இனக் கல்விமான் றகர் ஆட்டத்தை மாணவருக்குப் பழக்கினார். 1906இல் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இந்நாட்டில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றகர் போட்டி. நடுவர் சொல்லுக்கு மறுசொல் பேசாதே, தலைவனுக்கு அடங்கு, தோல்வியில் முகம் கோணாதே என்பன ஆங்கில நாட்டுப் பள்ளிகள் ஆட்டத்தின் வழியே கற்பித்த பாடங்கள். அவை நல்ல பாடங்களே, மறுக்கவில்லை. ஆனால் நடுவர் யார், விதியை எழுதியவர் யார் என்ற கேள்வியை மட்டும் அப்பாடம் கேட்கவிடவில்லை. நிருவாகத்துக்கு வேண்டிய உள்ளூர்க் கனவான்களை அது உருவாக்கியது. தோட்டத்துப் பிள்ளைக்கோ அந்தப் பாடமும் இல்லை. மூன்றாம் வகுப்போடு முடிந்துபோகும் தோட்டப் பள்ளிக்கு மைதானம் எதற்கு என்பதே அன்றைய துரைத்தனத்தின் எண்ணம்.

பெரட்டுக்களத்தில் தப்பு

வெள்ளையர் தம் ஆட்டத்தைக் கொண்டுவந்து வேலி போட்டனர். நம் கலைக்கு என்ன செய்தனர்? தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அம்மன் திருவிழாவுக்கும் ஒலித்த தோற்கருவி அது. தோட்டத்திலே அதற்கு ஒரு புது வேலை கொடுக்கப்பட்டது. விடியுமுன்னே தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு விரட்டும் வேலை! பெரட்டு என்ற சொல்லே பட்டாளத்துப் பரேட் என்னும் சொல்லின் திரிபு. பெரட்டுத் தப்பு முழங்கினால் தாய் பிள்ளையை இறக்கிவைத்துவிட்டுக் கூடையை எடுக்க வேண்டும். கலைக்கருவி காவற்கருவியானது.

அதனினும் கொடிய உண்மை ஒன்றுண்டு. அந்தக் கருவியை முழக்கியவனைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தது நம் சமூகமே. துரை அவனை வேலை வாங்கினான். நாம் அவனுக்குத் திண்ணையில் இடம் மறுத்தோம். ஏகாதிபத்தியத்தைச் சாடும் நாவு இதையும் சொல்லாவிட்டால் அது நேர்மையான நாவு ஆகாது.

எனினும் மக்கள் அடங்கிக் கிடக்கவில்லை. மாசி மாதத்திலே காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மதன் கதையை இரவிரவாக ஆடினர். பொன்னர் சங்கர் ஆடினர். அர்ச்சுனன் தபசிலே உயர்ந்த தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி நின்று பாடினர். பகலெல்லாம் பெரட்டுக்குப் பணிந்த அதே தப்பு, இரவிலே சிவனுக்கும் மன்மதனுக்கும் நடக்கும் வழக்கை முழங்கியது. லயத்தின் எட்டடி அறைக்குள் அடைபட்ட மக்களுக்கு அந்தப் பொட்டலே மைதானம், அதுவே மன்றம். அப்பாடல்களின் அருமை உணர்ந்து தொகுத்து உலகறியச் செய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பாராளுமன்றம் புகுந்த மலையகப் பிரதிநிதி எழுவரில் அவரும் ஒருவர். பாட்டைத் தொகுத்த கையும் உரிமைக்கு உயர்ந்த கையும் ஒரே கை என்பதை மறக்கலாகாது.

அடுத்த ஆண்டிலேயே இடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் மலையக மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கூறுபோட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தன் பண்பாட்டைப் பேணும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரையில் குடிமக்களுக்கே அளித்தது. நிரந்தரமாக வாழ்ந்துவந்த நாடற்றவருக்கோ அவ்வுரிமை பத்தாண்டுகளுக்கு மட்டுமே! காமன் கூத்தை ஆடும் உரிமைக்கும் தவணை வைத்த சட்டம் உலகில் வேறெங்கே உண்டு?

விதியை எழுதும் கை

தோட்டத் தொழிலாளியாக 1920ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரன், 1972இல் கண்டியிலே பிறந்தார். அவர் முத்தையா முரளிதரன். 1977ஆம் ஆண்டு வன்செயலில் அவர் குடும்பத்தின் தொழிற்சாலை எரியுண்டது. 1996இல் இந்நாடு உலகக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். அந்த நாளிலும் மலையகத்தில் நாடற்றவர் இருந்தனர். அவர்கள் நிலை தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே. 2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில், காலி மைதானத்திலே, 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை அவர் வீழ்த்தினார். இன்றுவரை அந்த எண்ணை எவரும் எட்டியதில்லை.

அவருடைய அரசியற் சொற்களோடு தமிழருள் பலர் முரண்படுகின்றனர். அவர் வாழ்வைச் சொல்லும் திரைப்படம் குறித்து 2020இல் எழுந்த எதிர்ப்பை அனைவரும் அறிவோம். அவ்வழக்கை இங்கே விசாரிக்க நாம் வரவில்லை. அவர் கதையில் சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. 1995இல் மெல்பேணிலே அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் கை நீட்டினார். பின்னர் அறிவியலாளர் கருவிகொண்டு அளந்தபோது, ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. 2005 முதல் பதினைந்து பாகை என்ற அளவு யாவர்க்கும் பொதுவாயிற்று. கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றியது, அளவுகோல் வந்ததும் பொது இயல்பாகிவிட்டது! அந்த ஆட்டத்தை ஆளும் சபை 1909இல் பிறந்தபோது அதன் பெயரிலேயே ‘இம்பீரியல்’ என்ற சொல் இருந்தது. 1965 வரை அப்பெயர் நீடித்தது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வைத்திருந்த மறுப்பதிகாரம் 1993இலேயே நீங்கியது. விதியை எழுதும் மேசையில் இடம் பெறாதவன், விதியின் முன்னே எப்போதும் ஐயத்துக்குரியவனே.

இன்னோர் உண்மையும் உண்டு. முரளிதரனின் தந்தையார் தொழில் நடத்தியவர். மகன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியிலே படித்தார். அங்கே மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார். திறமை எந்த லயத்திலும் பிறக்கும். திடல் இருக்கும் இடத்தில்தான் அது வளரும். திடலில்லாத காரணத்தால் கருகிப்போன முரளிதரன்கள் எத்தனை பேர்? ஒருவர் உயர்ந்ததைக் காட்டி ஒரு சமூகம் உயர்ந்துவிட்டது என்று நம்மை ஏய்க்கவிடலாகாது.

உலகம் சொல்லும் பாடம்

பம்பாய் மாகாணத்திலே பல்வாங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட குலத்துப் பந்துவீச்சாளர் இருந்தார். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். அப்படிப்பட்டவருக்குச் சொந்த அணியினரே தேநீரைக் கூடாரத்துக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தனர். அணித்தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை; 1923இல் தம்பி விட்டலுக்கே கிட்டியது. அதே 1911இல் கல்கத்தாவிலே மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் படையணியை உதைபந்தாட்டத்தில் வென்றனர். மேற்கிந்தியத் தீவுகள் 1928இல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கின. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பரான ஃபிராங்க் வொரல் தலைவராக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பத்திரிகையில் போர் தொடுத்தவர் டிரினிடாட் நாட்டு அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ்.

அயர்லாந்து மக்கள் வேறு வழி கண்டனர். 1884இல் தம் சொந்த ஆட்டங்களுக்குக் கழகம் கண்டு, ஆங்கில ஆட்டங்களை ஆடுவோரை நெடுங்காலம் விலக்கியே வைத்தனர். 1971இல் அத்தடையை நீக்கினர். நமக்குத் தடை வேண்டாம். துடுப்பாட்டமும் வேண்டும்; தப்பும் வேண்டும். எவன் கொண்டுவந்தான் என்று பார்த்து நல்லதை எறிபவர்கள் அல்லர் நாம். வேலியை மட்டுமே எறியச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது என்ன?

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, ஓய்வையும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளையும் குடிமக்கள் யாவரும் முழுமையாக நுகரச் செய்வது அரசின் குறிக்கோள் என்கிறது. 29ஆம் உறுப்புரையோ அதைக்கொண்டு நீதிமன்றம் ஏற முடியாது என்கிறது. ஆகவே வழக்கைக் காட்டிலும் மக்கள் மன்றமே இங்கே வலியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பொது வசதிகளைக் கிராமத்துக்கென்று பேசித் தோட்டத்தைப் புறத்தே நிறுத்தியிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கதவைத் திறந்தது. திறந்த கதவின் முன்னே நின்றுகொண்டு தட்டுவதற்கும் தயங்குவோமா?

முதலாவது, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு சமதரைத் திடல் அளந்து ஒதுக்கப்பட்டு, பிரதேச சபையின் ஏட்டில் பொதுத் திடலாகப் பதியப்பட வேண்டும். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்று பேசும்போதே, ஊருக்கு ஒரு திடல் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இரண்டாவது, காமன் பொட்டல்கள் எவராலும் விற்கவோ குத்தகைக்கு விடவோ இயலாதபடி காக்கப்பட வேண்டும். மூன்றாவது, தோட்டப் பாடசாலைகளில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று தப்புப் பழக வேண்டும். அந்த நாளில்தான் அக்கருவி துரையிடமிருந்தும் சாதியிடமிருந்தும் ஒருங்கே விடுதலை பெறும்.

சட்டத்தரணிகளே! மனுக்களை எழுதித் தாருங்கள். நாமும் உங்களோடு அமர்ந்து எழுதுவோம். நில அளவையாளர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குத் தாருங்கள். ஆசிரியர்களே! பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள். கமக்காரர்களே! சரிவைத் தட்டாக்கும் வித்தையை அறிந்தவர்கள் நீங்கள். உங்கள் மண்வெட்டிகளைத் தாருங்கள். அயலிலுள்ள சிங்களக் கிராமத்து இளைஞரையும் அழையுங்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலமிழந்தவன் அவனுடைய பாட்டன். அந்நிலத்திலே முதுகு வளைந்தவன் நம்முடைய பாட்டன். இருவர் பேரரும் ஆடுவதற்கு ஒரு திடல் போதும்.

இம்மலையின் ஒருபுறம் 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. 2001 முதல் அது தேயிலை அருங்காட்சியகம். பழைய இயந்திரங்களைப் பார்க்கப் பன்னாட்டவரும் வருகிறார்கள், வரட்டும். மக்கள் மட்டும் அருங்காட்சியகப் பொருளாகிவிடலாகாது. நம் மக்கள் ஆட வேண்டும், பாட வேண்டும், ஓட வேண்டும், வெல்ல வேண்டும். வரும் மாசிக்கு முன்னே முதல் திடலுக்கான மனு பிரதேச சபையின் மேசையில் இருக்கட்டும். கையொப்பமிட வாருங்கள்!