இப்போது என்ன படிக்கிறீர்கள், தோழர்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் கட்சி ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

நமது கிளைக் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. சந்தா எவ்வளவு சேர்ந்தது? பத்திரிகை எத்தனை பிரதி விற்றது? சுவரொட்டி ஒட்டியாயிற்றா? இவை அவசியமான கேள்விகள்தான். இவற்றைக் கேட்காமல் இயக்கம் நடக்காது. ஆனால், "இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள், தோழர்?" என்று ஒருவரையொருவர் கேட்பது அருகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்காகவே இன்று கூடியிருக்கிறோம். எனக்கு முன்னால் சிலர் எழுந்து, தாங்கள் படிப்பதைச் சொன்னீர்கள். நான் பேச வேண்டியதில் பாதியை நீங்களே பேசிவிட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நூற்பாலையில் சைடு பார்க்கும் தங்கை ஒருவர், 'எரியும் பனிக்காடு' படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அது. இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். பின்னால் அந்தத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். வெள்ளைக்காரன் ஆட்சியில், பஞ்சத்தில் அடிபட்ட கிராமங்களுக்கு மேஸ்திரி வருவான். கையில் முன்பணம் வைப்பான்; மலையில் நல்ல வாழ்வு என்பான். நம்பி ஏறியவர்களுக்குக் கிடைத்தது குளிரும், காய்ச்சலும், எத்தனை வருஷம் உழைத்தாலும் தீராத கடனும்.

அந்தத் தங்கை என்ன சொன்னார்? "மேஸ்திரி பேசுகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரோக்கர் எங்கள் அம்மாவிடம் பேசினதும் இதே பேச்சுத்தான்." மூன்று வருஷம் மில்லில் இரு, விடுதியில் தங்கு, முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லித் தென்மாவட்டத்துப் பெண்களை அழைத்துப் போன கதை நமக்குத் தெரியும். நமது நூற்பாலை வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமாகப் பெயரும் சூட்டினார்கள். மூன்று வருஷம் முடியுமுன் நோயில் விழுந்து, பணம் இல்லாமல் வீடு திரும்பிய பெண்கள் எத்தனை பேர்! நூறு வருஷத்துக்கு முந்தைய மேஸ்திரியையும் நேற்றைய புரோக்கரையும் ஒரே ஆளென்று கண்டுபிடித்தது யார்? பேராசிரியர் அல்ல, இந்தத் தங்கைதான். புத்தகத்தைப் பாதியில் மூடியவர் இன்று எழுந்து அதைச் சொன்னார். சொன்னதனால்தான் கூட்டத்தில் இன்னும் இரண்டு பெண்கள் தலையசைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் 'பஞ்சும் பசியும்' நாவலை எடுத்திருக்கிறார். தொ.மு.சி. ரகுநாதன் 1953-ல் எழுதியது. நூல் கிடைக்காமல் கைத்தறி நெசவாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்வது. "நூல் நூற்றது நம் கை. அது எந்தக் கிட்டங்கியில் கிடந்தது என்று நாம் கேட்டோமா?" என்றார் அவர். நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்தில் அதை ஒருமணி நேரம் பேசலாம்.

ஆனால் இன்று என்னை மிகவும் உட்கார வைத்தது, நடவு வேலைக்குப் போகும் நமது அம்மாவின் பேச்சு. அவருக்கு எழுத்துத் தெரியாது. பேரன் இரவில் 'மலரும் சருகும்' வாசித்துக் காட்டுகிறானாம். டி. செல்வராஜின் நாவல் அது. நெல்லைச் சீமையில் நடந்த முத்திரை மரக்கால் போராட்டத்தைச் சொல்வது. சர்க்கார் முத்திரையிட்ட மரக்காலால் அள என்று கேட்பதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது, தோழர்களே! வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று பண்ணை வீடுகள் வைத்திருந்த காலம் அது. அந்த இடத்தைக் கேட்டதும் அம்மா பேரனை நிறுத்தச் சொன்னாராம். "அளக்கிறவன் கை எப்படி ஓடுமென்று என் மாமனார் சொல்லியிருக்கிறார். நான் சொல்கிறேன், நீ நோட்டில் எழுது" என்றாராம். படிக்கத் தெரியாதவர் என்று இவரை யார் சொல்வது? புத்தகத்துக்கு அடுத்த அத்தியாயத்தையே சொல்லியிருக்கிறார்!

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது

இது புதிய வழக்கமல்ல. உழைப்பாளி மக்கள் பெரும்பாலும் இப்படித்தான் படித்திருக்கிறார்கள்.

கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865-ல் இது தொடங்கியது. வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள். உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து உரக்க வாசிப்பார். முதலில் பத்திரிகை, பிறகு நாவல். வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் வாரச் சம்பளத்திலிருந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். பிரெஞ்சு ஆசிரியர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' நாவலில் அவர்களுக்கு அவ்வளவு மோகம். பிற்காலத்தில் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது.

ஆள்பவர்கள் சும்மா இருப்பார்களா? மறு வருஷமே, 1866-ல், ஸ்பானிய ஆளுநர் ஆலைகளில் வாசிப்பதற்குத் தடை போட்டான். கூலி உயர்வு கேட்டதற்காக அல்ல. கதை கேட்டதற்காகத் தடை! தடை நிற்கவில்லை, வாசிப்பு மீண்டும் வந்தது. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குப் போன கியூபத் தொழிலாளர்கள் அங்கும் இதைக் கொண்டுபோனார்கள். 1931-ல் அந்த ஊர் முதலாளிகள், சிவப்புப் பிரசாரம் நடக்கிறதென்று சொல்லி மேடைகளை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் மேடை திரும்பவில்லை. அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. வாசிப்பவரைப் பார்த்து "இந்த இடத்தைத் திரும்ப வாசி" என்று சொல்லலாம். ரேடியோவிடம் சொல்ல முடியுமா? ஹவானாவில் இன்றும் ஆலைகளில் வாசிப்பு நடக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் கண்ணூர் இருக்கிறது. அங்கே பீடித் தொழிலாளர்கள் காலையில் பத்திரிகை, பிறகு கதை என்று முறை வைத்து வாசிக்கக் கேட்டார்கள். வாசிக்கிறவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி ஈடு செய்தார்கள். பீடித் தொழிலாளர்களுக்கு 1966-ல் வந்த சட்டத்தை அமுல் செய்ய மனமில்லாமல் பெரிய முதலாளிகள் கடையை மூடியபோது, 1969-ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைக் கட்டி எழுப்பியவர்கள் இவர்களே. பீடித் தொழில் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. ஆயினும், அந்தக் கொட்டகைகளில் வளர்ந்த மனிதர்கள் தொழிற்சங்கத்திலும் அரசியலிலும் நின்றதை வட கேரளம் அறியும்.

நமது ரிங் ஃபிரேம் இரைச்சலில் வாசிக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் ஷிப்டு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிறதே? நடவு முடிந்து கரையேறி மரத்தடியில் உட்காரும் நேரம் இருக்கிறதே?

தமிழ்நாட்டிலும் புத்தகத்துக்காக வழக்குகளைச் சந்தித்தவர்கள் நாம். பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' என்ற நூலை 1930-களில் தமிழாக்கியதற்காக ஜீவா மீது வெள்ளையர் சர்க்கார் நடவடிக்கை எடுத்தது. கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் 1931-லேயே பெரியாரின் 'குடிஅரசு' பத்திரிகையில் வெளிவரத் தொடங்கியது. அந்த அறிக்கை முதன்முதல் வெளிவந்தது 1848 பிப்ரவரி 21. அதே நாளில் 2020 முதல் செம்புத்தக தினம் கொண்டாடுகிறோம். கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிக்கிறோம், நல்லது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் போட்டோவுக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டும் தோழர்களை நான் அறிவேன். மாநாட்டில் கட்டுக்கட்டாக வாங்கி, உறை பிரிக்காமல் அடுக்கியிருப்பவர்களையும் அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். சிரிக்கிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நிற்க. செல்போனைப் பற்றி ஒரு தோழர் கேட்டார். அதிலும் படிக்கலாம், தவறில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியை எழுதியது யார்? எந்த வருஷம்? எந்த ஊர்? ஒன்றும் இராது. புத்தகத்தில் எழுதியவன் பெயர் இருக்கிறது, அச்சிட்ட இடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. பொய் சொன்னால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். வடநாட்டுத் தொழிலாளிக்கும் நமக்கும் சண்டை மூட்ட வந்த எந்தச் செய்தியிலாவது எழுதியவன் பெயரைப் பார்த்தீர்களா?

நூலகம் நம் காசில் நடப்பது

1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அந்த இயக்கத்துக்குத் துணை நின்றவர். அவர் முயற்சியால்தான் 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. புத்தகம் அடுக்கி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது அவர் வகுத்த விதிகளில் முதலாவது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள். ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் தொழிலாளியும் அதைக் கட்டுகிறான். வசூலித்த பணத்தை உள்ளாட்சிகள் நூலகத்துக்குச் சேர்க்காமல் பாக்கி வைத்த கதைகளும் உண்டு.

ஆக, நூலகத்தில் நுழைய யாரும் கூச வேண்டாம். நமது ஊர் நூலகம் திறக்கிற நேரத்தில் பகல் ஷிப்டுக்காரன் ஆலையில் இருக்கிறான். நடவுக்காரி வயலில் இருக்கிறாள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை திறக்கச் சொல்லி மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அனைவரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டும் செல்லும். ஒடியாவும் இந்தியும் பேசும் தோழர்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் மொழியில் புத்தகம் வரவழைக்க வேண்டுமென்று அந்த மனுவில் சேர்த்திருக்கிறோம். அவர்களிடம் போய், என்ன படிக்கப் பிரியம் என்று கேட்டுவர இரண்டு வாலிபத் தோழர்கள் பெயர் கொடுக்கட்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று. ஷிப்டு முடிந்து வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி, அதன்பின் படி என்றால் யாரால் முடியும்? வீட்டில் ஆண் தோழர் பாத்திரம் கழுவினால் அரைமணி மிஞ்சும். அல்லது அவர் சமைக்கும்போது நீ உரக்க வாசி, ஐயா! இரண்டில் ஒன்றைச் செய்.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு. பேசுகிறவர் கதை முழுவதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் புத்தகத்தை மூடினீர்கள், ஏன் மூடினீர்கள் என்று சொன்னால் போதும். பிடிக்கவில்லையானால் அதையும் சொல்லலாம். முதலில் நமது அம்மா பேசுவார். பேரன் எழுதிய நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சங்க அலுவலகத்து பீரோவின் சாவி இன்றிலிருந்து வாசற்படிக்கு மேலே உள்ள ஆணியில் தொங்கும். புத்தகம் எடுப்பவர் நோட்டில் பெயரை எழுதிவிட்டு எடுக்கலாம். திருப்பி வைக்கும்போது, அடுத்து எடுப்பவருக்காக அதைப்பற்றி ஒரு வரியும் எழுதி வையுங்கள்.