துவிச்சக்கர வண்டியும் இடைவிட்ட பயிற்சியும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



துவிச்சக்கர வண்டி ஓட்டத் தெரியாதவர் இச்சபையில் இருப்பாரென நாம் எண்ணவில்லை. எனினும், ஐந்தாறு ஆண்டுகளாக நாள்தோறும் ஓடியும் வேகம் சிறிதும் கூடப்பெறாதவர் நம்மிற் பலர். வண்டி பழையது என்பார் சிலர். ஓடிய தூரம் போதாது என்பார் வேறு சிலர். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. ஒரே வழியில் ஒரே வேகத்தில் ஓடுபவனுடைய உடம்பு அந்த வேகத்துக்கே அமைந்துவிடுகிறது. அதற்குமேல் வலுத் தேடவேண்டிய தேவை அதற்கு உண்டாவதில்லை.

தேவையோ சிறியதன்று. காற்றின் தடையை வெல்லச் செலவாகும் வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 30 கிலோ மீற்றர் செல்பவர் 33 ஆக்க விரும்பினால், காற்றுக்கென மட்டும் மூன்றிலொரு பங்கு அதிக வலுக் கொடுத்தாகவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. சோளகக் காற்றே நமக்கு மலை. சோளக காலத்திலே பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இவ்வலுவைப் பெறும் வழியை முதலிற் செம்மையாக ஆராய்ந்தவர்கள் ஓட்டப் பயிற்சியாளர்களே. ஜேர்மனியிலே கேர்ஷ்லர் என்னும் பயிற்சியாளர் ரைன்டெல் என்னும் இருதய வைத்தியரோடு கூடி ஒரு முறையை வகுத்தார். சிறிது தூரம் விரைந்து ஓடுவது, நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 120 அளவுக்குத் தணியும்வரை ஆறுவது, மீண்டும் ஓடுவது என்பதே அது. கேர்ஷ்லரின் மாணாக்கர் ஹார்பிக் 1939இல் மிலான் நகரிலே 800 மீற்றரை 1 நிமிஷம் 46.6 செக்கனில் ஓடினார். அச்சாதனை 1955 வரை நிலைத்தது. அவரோ 1944இல் யுத்தத்தில் மாண்டார்.

துவிச்சக்கர வண்டிக்கு நேரே பொருந்தும் சோதனையொன்றை ஜப்பானியரான தபாட்டாவும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்டனர். நிலையாக நிறுத்திய வண்டியிலே ஒரு சாரார் வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், மிதமாக மிதித்தனர். மறு சாரார் வாரத்தில் நான்கு நாள் 20 செக்கன் முழு மூச்சாக மிதித்து 10 செக்கன் ஆறி, இவ்வாறு ஏழெட்டு முறை செய்தனர். ஆறு வாரத்தின் பின் பிராணவாயுவை உட்கொள்ளும் ஆற்றல் இரு சாராருக்கும் கூடியிருந்தது. ஆனால் பிராணவாயு போதாத நிலையிலும் உழைக்கும் ஆற்றல் இரண்டாஞ் சாராருக்கு மட்டும் 28 வீதம் உயர்ந்தது. பரீட்சைக்கும் வேலைக்கும் இடையே அரை மணி நேரமே கிடைக்கும் நம்மவருக்கு இது நல்ல செய்தியல்லவா?

ஆயினும், அந்த 20 செக்கன் முறையை எடுத்த எடுப்பிலே கைக்கொள்ளுமாறு நாம் சொல்லமாட்டோம். அது பழகிய வீரரையே வாந்தியெடுக்க வைக்கும். நாம் விரும்புவது இது: முதற் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குக. பின் நான்கு நிமிஷம், இரண்டு மூன்று சொல்லுக்குமேற் பேச முடியாத அளவுக்கு மிதிக்க. அதன்பின் மூன்று நிமிஷம் இலேசாக மிதித்து ஆறுக. இப்படி நான்கு முறை. முதன் முறையே முழுப் பலத்தையும் கொட்டுபவர் மூன்றாம் முறையிலே சோர்ந்து போவார். நான்கும் ஒரே வேகத்தில் அமைவதே அளவு. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். நாயும் பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கிடாத வீதியும் வேண்டும், அதைத் தேடுவதுதான் கடினம்!

வாரத்திற்கு இரண்டு முறைக்கு மேற் செய்யற்க. இடையே இரண்டு நாளாவது போகட்டும். அந்நாட்களில் ஓடினால், உரையாடிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்திலேயே ஓடுக. நம் இளைஞர் தவறுவது இவ்விடத்திலேதான். கடினமான நாளிலே போதிய கடுமையில்லை, இலேசான நாளிலே போதிய ஓய்வில்லை. எல்லா நாளும் நடுத்தரமாகி விடுகிறது. உடம்பு வலுப்பெறுவது மிதிக்கும்போதன்று, உண்டு உறங்கும்போதே. நித்திரை விழித்துப் படித்த மறுநாள் இப்பயிற்சியைத் தள்ளிவைப்பது சோம்பலாகாது. நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ உள்ளவரும் வயது முதிர்ந்தவரும் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்கவேண்டும்.

தொடங்குமுன் ஐந்து கிலோ மீற்றர் வீதியொன்றை அளந்து, காற்றடங்கிய காலைப்பொழுதிலே ஓடி, நேரத்தைக் குறித்து வைக்க. ஆறு வாரத்தின் பின் அதே வீதியில், அதே பொழுதில், அதே வண்டியில் ஓடிப் பார்க்க. அக்குறிப்புகளோடு வருபவர்களுடன் பேச நாம் ஆவலாயிருக்கிறோம்.