வாயுத் துப்பாக்கியும் தூரக் கணிப்பும்

(கமக்காரர் பயிற்சி வகுப்பொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் உங்களுக்குக் குரங்கும் மயிலும் மர அணிலும் இழைக்கும் சேதம் எத்தகையது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் இவற்றைத் தத்தம் காணிகளில் நின்று எண்ணியவர்களுள் நீங்களும் இருந்திருப்பீர்கள். பயிரைக் காக்கும் பொருட்டு வாயுத் துப்பாக்கியை, அஃதாவது எயார் றைபிளை, நாடுவோர் பலர் உளர். அதனை வாங்குவோர் யாவரும் அதன் பலம் எவ்வளவு என்று கேட்கின்றனர். குறி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை எவ்வாறு அறிவது என்று கேட்போர் மிகச் சிலரே. இன்று நான் கூறவிருப்பது அவ்வினாவுக்குரிய விடையாகும்.

முதற்கண் ஒரு வார்த்தை. எந்த விலங்கு சட்டத்தாற் காக்கப்பட்டது என்பதை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும், துப்பாக்கி வைத்திருத்தற்குரிய விதிகளைப் பொலிஸ் நிலையத்திலும் கேட்டறிந்த பின்னரே மேற்கொண்டு எதனையும் செய்தல் வேண்டும்.

தூரம் ஏன் அறியப்படல் வேண்டும்?

குழலை விட்டு நீங்கிய கணமே ஈயச் சன்னம் நிலத்தை நோக்கி விழத் தொடங்குகின்றது. ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது 5 சென்ரிமீற்றரும், பத்தில் இரு பங்கு நேரத்தில் 20 சென்ரிமீற்றரும், பத்தில் மூன்று பங்கு நேரத்தில் 44 சென்ரிமீற்றரும் விழும். நேரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்காகும் என்பதைக் கவனியுங்கள். செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்திற் புறப்படும் சன்னத்தைக் கொண்டு, 30 மீற்றரிற் குறி சரியாக விழுமாறு பார்வைக் கருவியைத் திருத்தியுள்ளீர்கள் என்று கொள்வோம். அதே குறி 40 மீற்றரில் இருப்பின் சன்னம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர், அஃதாவது நான்கு விரல் அகலம், தாழப் போகும். 50 மீற்றரில் இருப்பின் ஒரு சாணுக்குச் சற்றுக் குறையத் தாழப் போகும்.

இதனால் விளையும் தீங்கு இரண்டு. ஒன்று, உடனே வீழாத விலங்கு சன்னத்தை உடலிற் சுமந்து கொண்டு ஓடிப் பல நாள் வருந்தி மடிதல். மற்றையது அதனினும் கொடியது. குறி தப்பிய சன்னம் அவ்விடத்தில் நிற்பதில்லை. சில நூறு மீற்றர் செல்ல வல்லது. வயலின் அப்பால் களை பறிக்கும் பெண்களும் வாய்க்கால் வரம்பிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் உளர் என்பதை மறவாதீர்கள்.

கண் மதிப்பு ஏமாற்றும்

முன்னொரு வகுப்பில், முற்றத்திற்கு எதிரே நின்ற பலாமரம் எவ்வளவு தூரம் என்று நால்வரைக் கேட்டேன். ஒருவர் 25 மீற்றர் என்றார். ஒருவர் 60 என்றார். நாடா பிடித்து அளந்தபோது 38 மீற்றர் இருந்தது. நால்வரும் பிறந்தது முதல் அவ்வூரிலேயே வாழ்பவர்கள். நீர் கட்டிய வயலுக்கு அப்பால் உள்ள பொருளும், நல்ல வெயில் படும் பொருளும் உள்ளதினும் அண்மையிலிருப்பதாகத் தோன்றும். மங்கல் வெளிச்சத்தில் நிற்பதும், இலைகளால் மறைந்து ஒரு பாகம் மாத்திரம் தெரிவதும் சேய்மையிலிருப்பதாகத் தோன்றும். குரங்குகள் வருவதோ பெரும்பாலும் காலையும் மாலையும் அன்றோ?

பணச் செலவற்ற முறைகள்

முதலாவது, காலடி. வரம்பில் 20 மீற்றரை நாடாவால் அளந்து, இயல்பான நடையில் மும்முறை நடந்து அடிகளை எண்ணுங்கள். 20 மீற்றருக்கு 28 அடி வருமாயின் 42 அடி 30 மீற்றராகும். சேற்றிலும் ஒடுங்கிய வரம்பிலும் அடி குறுகும். ஆதலின் நடக்கப் போகும் நிலத்திலேயே எண்ணிப் பழகுதல் நன்று.

இரண்டாவது, முளை அடித்தல். காவற் குடிலில் நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து 10, 20, 30, 40 மீற்றர்களில் முளையடித்து, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு நிறம் பூசி விடுங்கள். போகத் தொடக்கத்தில் ஒரு காலைப் பொழுது செலவிட்டால் அறுவடை வரை பயன் தரும். தென்னந்தோட்டத்தில் முளையும் வேண்டுவதில்லை. 26 அடி இடைவெளியில் நட்ட தோட்டமாயின் ஓர் இடைவெளி 8 மீற்றர். நான்கு இடைவெளி 32 மீற்றர்.

மூன்றாவது, பெருவிரல். கையை நீட்டிப் பெருவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக் குறியோடு பொருத்துங்கள். பின்பு அக்கண்ணைத் திறந்து மற்றையதை மூடினால், விரல் பக்கமாக நகர்ந்தது போலத் தோன்றும். அது அங்கே எத்தனை மீற்றர் நகர்ந்தது என்பதை வேலிக் கட்டைகளின் இடைவெளி கொண்டு மதித்துப் பத்தாற் பெருக்குக. 3 மீற்றர் நகர்ந்தால் தூரம் ஏறத்தாழ 30 மீற்றர். இது மதிப்பேயன்றி அளவன்று.

தூரமானி வாங்குவோருக்கு

கடைகளில் விற்கப்படும் லேசர் தூரமானி, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் காட்டுகின்றது. பெட்டியின் மேல் 1000 மீற்றர் என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நமக்கு வேண்டுவது 10 முதல் 50 மீற்றர் வரையிலான அளவே. ஆதலின், எவ்வளவு அண்மையிலுள்ளதை அளக்கும் என்று கேளுங்கள். ஒரு மீற்றர் கூடக் குறையக் காட்டுவது போதுமானது.

யாரிலா மீற்றரிலா காட்டுகின்றது என்பதையும் பாருங்கள். 40 யார் என்பது 36½ மீற்றரே. மரத்தின் மேல் உள்ளதை அளப்பதற்குச் சரிவுத் திருத்தம் உள்ள கருவி உதவும். மரம் 20 மீற்றர் தூரத்திலும், குறி உங்கள் கண் மட்டத்திற்கு 15 மீற்றர் உயரத்திலும் இருந்தால் கருவி 25 எனக் காட்டும். ஆனால் சன்னத்தின் வீழ்ச்சிக்குக் கணக்கிட வேண்டியது நிலமட்டத் தூரமாகிய 20 மீற்றரே. இடையில் ஓர் இலை நின்றாலும் கருவி அவ்விலையின் தூரத்தைக் காட்டக் கூடுமாதலின் மூன்று முறை அளந்து ஒப்பிடுங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் அதனை நம்ப வேண்டாம். மனிதரின் கண்ணை நோக்கி அதனை ஒருபோதும் பிடியாதீர்கள். வாங்கிய அன்றே உங்கள் முளைகளுக்கு நேரே வைத்துச் சரிபாருங்கள். முளைகள் இருந்தால், கருவி இல்லாமலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும் என்பதையும் அப்போது காண்பீர்கள்.

துப்பாக்கியிற் பூட்டிய தொலைநோக்கியைக் கொண்டு தூரம் பார்ப்போரும் உளர். இது தவறு. தொலைநோக்கி எங்கே பார்க்கின்றதோ அங்கே குழலும் பார்க்கின்றது. புதருக்குப் பின்னால் அசைவது விலங்கா அயலவரா என்று அறியுமுன் குழலை அங்கே திருப்புதல் ஆகாது.

இறுதியாக, மண்மேட்டின் முன் கடதாசி அட்டையை நிறுத்தி, 10, 20, 30, 40 மீற்றர்களில் ஐந்தைந்து முறை சுட்டு, சன்னம் எங்கே விழுகின்றது என்பதை ஒரு தாளிற் குறித்துக் காவற் குடிலில் ஒட்டி வையுங்கள். உங்கள் துப்பாக்கிக்கு அத்தாளினும் சிறந்த ஆசான் இல்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. தூரம் தெரியாவிடின் சுடற்க.
2. குறிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிடின் சுடற்க. வானமும் நீரும் பாறையும் சன்னத்தைத் தடுத்து நிறுத்தா.
3. முளைகளைப் போகந்தோறும் மீண்டும் அளந்து சரிபார்க்க.
4. துப்பாக்கியையும் சன்னத்தையும் வெவ்வேறாகப் பூட்டி வைக்க. பிள்ளைகள் கையிற் கொடாதிருக்க.

ஒரு போகத்து விளைச்சல் போனால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். அயலவரின் பிள்ளையுடைய கண் போனால் எப்போகத்திலும் ஈடு செய்ய இயலாது. ஆதலின் முதலில் அளவு நாடாவைக் கையில் எடுங்கள்; துப்பாக்கியை அதன் பின்பு எடுங்கள்.